கொழுப்புக்கும் உண்டு கைரேகை!

“உனக்கு ரொம்பக் கொழுப்புடா!” – மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது இந்த வாழ்த்தை வாங்காமல் பாலிடெக்னிக்கை விட்டு வெளியே போனவர் யாராவது உண்டா? ஒர்க்‌ஷாப்பில் வாங்கியிருப்போம், ஹாஸ்டலில் வாங்கியிருப்போம், குறைந்தபட்சம் வீட்டிலாவது வாங்கியிருப்போம். கொழுப்பு என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் திமிர், தொப்பை, மாரடைப்பு – இந்த மூன்றுதான்.

ஆனால் அன்பு நண்பர்களே, கொழுப்பு இல்லாவிட்டால் திமிர் பண்ண நாமே இருக்க மாட்டோம்! நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றிப் போட்டிருக்கும் வேலி, பெரும்பாலும் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. செல் சவ்வு என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். அதன் கனம் ஏறக்குறைய 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் துண்டாக நறுக்கினால் ஒரு துண்டு எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான்!

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் கவிதை கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. கெமிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவனுக்கு என்ன வருமோ அதைத் தருகிறேன். கண்ணுக்கே தெரியாத ஒரு கொழுப்பு மூலக்கூறு நிமிர்ந்து நிற்கிறதா, வளைந்து நிற்கிறதா என்பதை அகச்சிவப்புக் கதிரை வைத்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று சொல்லப் போகிறேன். ‘வளைஞ்சா என்ன, நிமிர்ந்தா என்ன?’ என்று கேட்கிறீர்களா? விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அதே அணுக்கள், வேறு ஆள்!

ஒலியிக் அமிலம் என்று ஒன்று. ஆலிவ் எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைய இருப்பது. 18 கார்பன், 34 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். இலாயிடிக் அமிலம் என்று இன்னொன்று. அதற்கும் 18, 34, 2தான். இரண்டிலும் ஒன்பதாவது கார்பனுக்கும் பத்தாவது கார்பனுக்கும் நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு. ஃபார்முலா ஒன்று, எடை ஒன்று, பிணைப்பு இருக்கும் இடமும் ஒன்று.

ஆனால் ஒலியிக் அமிலம் சுமார் 13 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். நம்ம ஊரில் அது எப்போதும் திரவம். இலாயிடிக் அமிலமோ 45 டிகிரியை ஒட்டித்தான் உருகும். சித்திரை வெயிலில்கூடப் பெரும்பாலும் கட்டியாகவே உட்கார்ந்திருக்கும்!

ஏன் இப்படி? இரட்டைப் பிணைப்பின் இரண்டு கார்பன்களிலும் ஆளுக்கொரு ஹைட்ரஜன் இருக்கிறது. இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் அது சிஸ். எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் ட்ரான்ஸ். சிஸ்ஸாக இருந்தால் சங்கிலி அந்த இடத்தில் முழங்கை மாதிரி வளைந்துவிடும். ட்ரான்ஸாக இருந்தால் ஏறத்தாழ நேராகவே போகும். விறகுக் கட்டு கட்டியவர்களுக்குத் தெரியும்: நேர்க்குச்சிகள் இறுக்கமாகக் கட்டுப்படும், கோணல் குச்சிகள் எப்படிக் கட்டினாலும் இடைவெளி விடும். ஒலியிக் கோணல் குச்சி, இலாயிடிக் நேர்க்குச்சி. வித்தியாசம் அவ்வளவுதான்.

தராசில் நிறுத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. எரித்து, கார்பன் எவ்வளவு ஹைட்ரஜன் எவ்வளவு என்று பார்த்தாலும் தெரியாது. ஆளின் நிற்கும் தோரணையைப் பார்க்கிற கருவி வேண்டும். அகச்சிவப்பு ஸ்பெக்ட்ராஸ்கோபி அப்படிப்பட்ட கருவி.

தலை, இடுப்பு, கால்

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். செல் சவ்வில் முக்கியமாக இருப்பது பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு. அதற்கு ஒரு தலை, ஓர் இடுப்பு, இரண்டு கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையில் பாஸ்பேட் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் என்றால் உயிர். இடுப்பில் கிளிசரால், அதோடு கால்களைச் சேர்த்துக் கட்டும் எஸ்டர் முடிச்சுகளும் அங்கேதான். கால் இரண்டும் நீளமான கொழுப்பு அமிலச் சங்கிலிகள். அவற்றுக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது.

இந்த ஆட்களைத் தண்ணீரில் விட்டால் என்ன செய்வார்கள்? இரண்டு வரிசையாக நின்று, கால்களை உள்ளே ஒன்றோடொன்று எதிரெதிராக நீட்டி, தலைகளைத் தண்ணீர்ப் பக்கம் வைத்துக்கொள்வார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதுதான் இரட்டை அடுக்குச் சவ்வு.

நாம் சாப்பிடும் எண்ணெய், நெய், வனஸ்பதியில் பெரும்பகுதி இருப்பது டிரைகிளிசரைடு. அதற்கு இடுப்பும் மூன்று கால்களும் உண்டு, தலைதான் கிடையாது!

ஸ்பிரிங் கணக்கு

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இந்தப் பகுதி அல்வா சாப்பிடுகிற மாதிரி. இரண்டு குண்டுகளை ஒரு ஸ்பிரிங்கில் மாட்டி இழுத்துவிட்டால் அது ஆடும். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் வேகமாக ஆடும். குண்டு கனமாக இருந்தால் மெதுவாக ஆடும். ஸ்பிரிங் விறைப்பைக் குண்டின் நிறையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அதற்கேற்ற அதிர்வெண் கிடைக்கும். இரண்டு அணுக்களுக்கு நடுவில் உள்ள வேதிப் பிணைப்பும் இதே ஸ்பிரிங்தான். எல்லா மூலக்கூறும் எந்நேரமும் அதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

1800-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியை ப்ரிசத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, ஒளியே இல்லாத இடத்தில் வைத்த தெர்மாமீட்டரும் சூடேறியது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர்தான் அகச்சிவப்பு. அதன் அதிர்வெண்ணும் பிணைப்புகளின் அதிர்வெண்ணும் ஒரே அளவில் இருப்பதுதான் நம் அதிர்ஷ்டம். கதிரின் அதிர்வும் பிணைப்பின் அதிர்வும் பொருந்தினால் பிணைப்பு அந்தக் கதிரை விழுங்கிவிடும். ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால்தானே ஏறும்? அதே மாதிரி. ஆனால் ஒரு நிபந்தனை: அதிரும்போது மூலக்கூறின் மின் சமநிலையும் கூடவே ஆட வேண்டும். அது ஆடாத அதிர்வு அகச்சிவப்பில் தெரியாது.

எந்தெந்த இடத்தில் கதிர் விழுங்கப்பட்டது என்று வரைந்தால் கிடைப்பது ஸ்பெக்ட்ரம். கீழே 2920, 1740 என்று நான் வெறும் எண்ணாகச் சொல்வதெல்லாம் அலை எண்: ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை அலை அடங்குகிறது என்ற கணக்கு. நமக்கு வேண்டியது 4000-லிருந்து 400 வரை. அலைநீளத்தில் சொன்னால் 2.5 மைக்ரானிலிருந்து 25 மைக்ரான்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

பழைய கருவிகள் ப்ரிசத்தையோ கிரேட்டிங்கையோ திருப்பித் திருப்பி, ஒவ்வொரு அலை எண்ணாக அளந்தன. இப்போது இருப்பது எஃப்.டி.ஐ.ஆர். சூடான சிலிக்கான் கார்பைடு தண்டிலிருந்து வரும் கதிரை ஒரு கண்ணாடி இரண்டாகப் பிரிக்கும். ஒரு பாதி அசையாத கண்ணாடியில் பட்டுத் திரும்பும்; இன்னொரு பாதி முன்னும் பின்னும் நகரும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். இரண்டும் மறுபடி சேரும்போது கூடியும் கழிந்தும் ஒரு சிக்னல் வருகிறது. மைக்கேல்சன் இன்டர்ஃபெரோமீட்டர் என்பது இதுதான். நகரும் கண்ணாடி எங்கே இருக்கிறது என்பதை ஒரு ஹீலியம்–நியான் லேசர் அளந்துகொண்டே இருக்கும்.

வருகிற சிக்னலில் எல்லா அலை எண்ணும் கலந்து கிடக்கும். அதைப் பிரித்தெடுப்பது ஃபூரியர் கணக்கு. ஈ.சி.இ. நண்பர்கள் சிக்னலில் படிக்கும் அதே ஃபூரியர்தான்! 1965-ல் கூலி, டூக்கி என்ற இருவர் இந்தக் கணக்கைக் கணினியில் வேகமாகப் போடும் வழியைச் சொன்ன பிறகுதான் இந்தக் கருவி ஆய்வுக்கூடங்களுக்குச் சாதாரணமாக வர முடிந்தது.

சாம்பிள் வைப்பதில்தான் சூட்சுமம். ஐ.ஆர். என்றால் பொட்டாசியம் புரோமைடு வில்லை என்று படித்திருப்பீர்கள். ஈரமான உயிர்ச் சாம்பிளுக்கு அது சரிப்படாது, உப்பு கரைந்துவிடும். கால்சியம் புளோரைடு ஜன்னல் கரையாது. ஆனால் அலை எண் சுமார் 1000-க்குக் கீழே கதிரை விடாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த ஜன்னலை மாட்டிவிட்டு, ‘966-ல் ஒன்றுமே இல்லையே’ என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? தண்ணீர் இன்னொரு தொல்லை. 3400 பக்கமும் 1640 பக்கமும் அது பூதமாக எழுந்து மற்றதையெல்லாம் மறைத்துவிடும். அதனால் சாம்பிளை மைக்ரான் கணக்கில் மெல்லிய படலமாக வைப்பார்கள். இல்லாவிட்டால் கனநீரில் கலப்பார்கள். 1640-ல் வரும் தொல்லை 1210 பக்கம் போய்விடும். அங்கே போய் பாஸ்பேட்டுக்குத் தொல்லை கொடுக்கும் என்பது வேறு கதை!

இப்போது பரவலாக இருப்பது ஏ.டி.ஆர். முறை. ஒரு சின்ன வைரக்கல்லின் மேல் ஒரு சொட்டு எண்ணெயை வைத்தால் போதும். கதிர் வைரத்துக்குள்ளேயே முழு எதிரொளிப்பு அடைந்து திரும்பும். ஆனால் திரும்பும் இடத்தில் ஒன்றிரண்டு மைக்ரான் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். அந்த எட்டிப் பார்வையே சாம்பிளைப் படித்துவிடும்.

கைரேகை படிப்போம், வாங்க!

ஒரு லிப்பிடின் ஸ்பெக்ட்ரம் கையில் கிடைத்தால் இப்படித்தான் படிக்க வேண்டும்:

1. கால்: 2920, 2850 – இரண்டு உயரமான கோபுரங்கள். சங்கிலியில் உள்ள கார்பனும் அதன் இரு ஹைட்ரஜன்களும் நீண்டு சுருங்கும் அதிர்வு. எந்தக் கொழுப்பிலும் முதலில் கண்ணில் படுவது இவைதான்.

2. காலின் வளைவு: 3005-லிருந்து 3010-க்குள் ஒரு சின்ன மேடு. சிஸ் இரட்டைப் பிணைப்பின் அடையாளம். எண்ணெய் காற்றுப்பட்டுக் காறும்போது இந்த மேடு தேய்ந்துகொண்டே போகும்.

3. ட்ரான்ஸ்: 966. தனியாக இருக்கும் ட்ரான்ஸ் இரட்டைப் பிணைப்பு இங்கே வந்துவிடும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

4. இடுப்பு: 1740 பக்கம் எஸ்டரின் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு. பக்கத்தில் தண்ணீர் வந்து கைகோத்தால் இது 1728 பக்கம் இறங்கும். தண்ணீர் சவ்வுக்குள் இடுப்பு வரை வந்திருக்கிறதா என்று இதை வைத்துச் சொல்லலாம். எஸ்டர் உடைந்து அமிலம் தனியாகிவிட்டால் 1710 பக்கம் புதிதாக ஒன்று எழும்.

5. தலை: 1220-லிருந்து 1240 வரையும், 1085 பக்கமும் பாஸ்பேட். காய்ந்திருந்தால் 1240-ஐத் தாண்டும். நனைந்தால் 1220 பக்கம் இறங்கும்.

6. கால்களின் அடுக்கு: 1467, 720 பக்கங்கள். சங்கிலிகள் மிக நெருக்கமாக, செங்கல் அடுக்கியது போல் நின்றால் இந்த ஒற்றைக் கோடுகள் இரண்டாகப் பிளக்கும்: 1473, 1463 என்றும், 730, 720 என்றும். நம் தோலின் மேலடுக்கில் உள்ள கொழுப்பு இப்படித்தான் நெருக்கமாக நிற்கிறது. உடம்பின் தண்ணீர் ஆவியாகிப் போய்விடாமல் காப்பது இந்த அடுக்குதான்.

மேலே சொன்ன 1500-க்குக் கீழுள்ள பகுதிக்கு ஆய்வுக்கூடத்தில் விரல்ரேகைப் பகுதி என்றே பெயர். ஆளுக்கு ஆள் மாறும், ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது.

சரி, இந்த எண்களெல்லாம் ஸ்பிரிங் கணக்குக்கு ஒத்துவருகிறதா? போட்டுப் பார்ப்போம். சங்கிலியில் உள்ள ஹைட்ரஜனை எடுத்துவிட்டு, அதைப் போல இரண்டு மடங்கு கனமான டியூட்டீரியத்தை வைக்கிறோம். ஸ்பிரிங் மாறவில்லை, குண்டுதான் கனமாகிவிட்டது. கார்பன்–ஹைட்ரஜன் ஜோடியின் குறைக்கப்பட்ட நிறை 0.92, கார்பன்–டியூட்டீரியத்துக்கு 1.71. விகிதத்தின் வர்க்கமூலம் 1.36. 2920-ஐ 1.36-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2145. ஆய்வுக்கூடத்தில் வருவது 2195 பக்கம். இரண்டே குண்டு என்று எடுத்துக்கொண்ட எளிய கணக்குக்கு இது மோசமில்லை, இல்லீங்களா? இது வெறும் பரீட்சைக் கணக்கு அல்ல. கொஞ்ச நேரத்தில் உயிருள்ள செல்லுக்குள் இதைப் பயன்படுத்தப் போகிறோம்.

பரேடும் டீ பிரேக்கும்

என்.சி.சி. பரேடில் ‘அட்டென்ஷன்’ சொன்னதும் எல்லாரும் விறைப்பாக, வரிசையாக நிற்போம். ‘டிஸ்பெர்ஸ்’ சொன்னதும் என்ன நடக்கும்? கால் மடக்கி உட்காருபவர், சாய்ந்து நிற்பவர், நகர்ந்து கேன்டீனுக்குப் போகிறவர்! சவ்வும் இப்படித்தான். குளிர்ந்திருக்கும்போது சங்கிலிகள் நேராக, நெருக்கமாக நிற்கும். இதைக் கூழ் நிலை என்கிறார்கள். சூடேறினால் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் சங்கிலிகள் அங்கங்கே மடங்கி, கூட்டம் தளர்ந்துவிடும். இது திரவப் படிக நிலை. உயிருள்ள சவ்வு பெரும்பாலும் இந்தத் தளர்ந்த நிலையில்தான் இருக்க வேண்டும். ரொம்ப விறைத்தாலும் உள்ளே இருக்கும் புரதங்கள் வேலை செய்யாது. ரொம்பத் தளர்ந்தாலும் வேலி ஒழுகும்.

இரண்டு காலும் 16 கார்பன் உள்ள ஒரு லெசித்தினை எடுத்து, ஒவ்வொரு டிகிரியாகச் சூடேற்றி ஸ்பெக்ட்ரம் எடுக்கிறார்கள். 2850-ல் இருக்கிற அந்தக் கோபுரத்தை மட்டும் கவனிக்க வேண்டும். 41 டிகிரி வரை அது 2850-ஐ ஒட்டியே நிற்கும். 41-ஐத் தாண்டும்போது சட்டென்று 2853 பக்கம் தாவும். நகர்ந்தது மூன்றே மூன்று எண்! 4000 எண்ணுள்ள அளவுகோலில் மூன்று எண். ஆனால் அந்த மூன்று எண்ணுக்குள் ஒரு சவ்வின் பரேடு மொத்தமும் கலைந்துவிட்டது. இவ்வளவு சின்ன நகர்வை எப்படிப் பிடிக்கிறார்கள்? கோபுரத்தின் மேல்பகுதிக்கு நடுப்புள்ளியைக் கணினி கணக்கிடும், 0.1 நகர்ந்தாலும் சொல்லிவிடும்.

கால்களின் வடிவம் இந்த வெப்பநிலையை எப்படி ஆட்டிவைக்கிறது பாருங்க. ஒரே லெசித்தின் தலை. இரண்டு காலும் 18 கார்பன்:

இரட்டைப் பிணைப்பே இல்லை – 55 டிகிரியில் கலையும்.
காலுக்கு ஒரு ட்ரான்ஸ் – சுமார் 12 டிகிரியில் கலையும்.
காலுக்கு ஒரு சிஸ் – பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 17 டிகிரியில் கலையும்!

ஒரே ஒரு வளைவு, 70 டிகிரிக்கு மேல் வித்தியாசம். இதனால்தான் குளிரில் வளரும் பாக்டீரியா தன் சவ்வில் இரட்டைப் பிணைப்புகளைக் கூட்டிக்கொள்கிறது. ஈ.கோலை பாக்டீரியா இப்படி வெப்பநிலைக்குத் தக்கபடி கொழுப்பை மாற்றித் தன் சவ்வின் இளக்கத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று 1974-ல் மைக்கேல் சினென்ஸ்கி காட்டினார். சூடோமோனாஸ் புடிடா என்ற பாக்டீரியா இன்னும் கெட்டிக்காரன். டொலுயீன் போன்ற கரைப்பான் வந்து சவ்வைக் குலைத்தால், இருக்கிற சிஸ்ஸையே ட்ரான்ஸாக மாற்றி வேலியை இறுக்கிக்கொள்கிறது.

எல்லாரும் திட்டுகிற கொலஸ்ட்ராலுக்கும் இங்கே ஒரு நல்ல வேலை உண்டு. சவ்வில் அது சேர்ந்தால் அந்தத் தாவல் மழுங்கிவிடும். சூட்டில் தளர்ந்த கால்களைக் கொஞ்சம் நிமிர்த்தும். குளிரில் விறைத்த கால்களைக் கொஞ்சம் தளர்த்தும். சுருக்கமாக, பரேடுக்கும் டீ பிரேக்குக்கும் நடுவில் ஒரு சமாதானம்!

உயிரோடு இருக்கும் செல் என்ன சொன்னது?

இந்தத் துறையில் முன்னே நடந்தவர்களில் இங்கிலாந்தின் டென்னிஸ் சாப்மன் ஒருவர். பின்னால் கனடாவின் ஒட்டாவா நகரில், தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஹென்ரி மான்ட்ச் குழுவினர் எஃப்.டி.ஐ.ஆரை வைத்து இதை ஒரு முழுமையான கலையாக்கினார்கள். அவர்கள் 1983-ல் வெளியிட்ட ஒரு முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

அகோலிபிளாஸ்மா லெய்ட்லாவி என்று ஒரு நுண்ணுயிர். அதற்குச் செல் சுவர் கிடையாது, சவ்வு மட்டும்தான். என்ன கொழுப்பு அமிலம் ஊட்டுகிறோமோ அதையே சவ்வில் சேர்த்துக்கொள்ளும். டியூட்டீரியம் ஏற்றிய கொழுப்பு அமிலத்தை அதற்கு ஊட்டினார்கள். மேலே போட்ட ஸ்பிரிங் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? டியூட்டீரியம் சங்கிலியின் கோடுகள் 2090, 2195 என்று தனியாகப் போய் நிற்கும். அந்த இடத்தில் செல்லின் வேறு எதுவும் குறுக்கே வராது. புரதம், சர்க்கரை எல்லாம் நிறைந்த கூட்டத்தில் கொழுப்புக் கால்களுக்கு மட்டும் கலர் சட்டை மாட்டிவிட்ட மாதிரி!

உயிருள்ள செல்லையும், அதிலிருந்து பிரித்தெடுத்த சவ்வையும் ஒரே வெப்பநிலையில் ஒப்பிட்டார்கள். கொழுப்பு ஒன்றுதான், ஆனால் விடை ஒன்றாக இல்லை. உயிருள்ள செல்லின் சவ்வு, பிரித்தெடுத்த சவ்வைவிட இளக்கமாக இருந்தது. அப்படியானால் செல் தன் சவ்வைச் சும்மா சுமந்துகொண்டிருக்கவில்லை. உயிரோடு இருக்கும்வரை அதன் நிலையைப் பராமரித்துக்கொண்டே இருக்கிறது. செல்லை உடைத்துப் பார்த்தே பழகியவர்களுக்கு இது ஒரு பாடம். செல்லைக் கொல்லாமல், சாயம் போடாமல் பார்க்க முடிந்ததுதான் அகச்சிவப்பின் பெருமை.

966: நம் தட்டில் விழும் எண்

இப்போது நினைவில் வைக்கச் சொன்ன எண்ணுக்கு வருவோம். திரவ எண்ணெயில் நிக்கல் வினையூக்கியைப் போட்டு ஹைட்ரஜனைச் செலுத்தினால் அது கட்டியாகும். ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன் 1902-ல் இதற்கு பேடன்ட் கேட்டார். நம் நாட்டில் அது வனஸ்பதியானது. ஹைட்ரஜன் ஏறும் வேலை பாதியில் நின்றால், நிக்கல் மேல் உட்கார்ந்த சில இரட்டைப் பிணைப்புகள் திறந்து, சுழன்று, மறுபடி மூடும்போது சிஸ் ட்ரான்ஸாகிவிடும். கெடாமல் இருக்கும், பிஸ்கட் மொறுமொறுப்பாக வரும், விலையும் குறைவு. ஆனால் அது ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி, நல்லதைக் குறைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல், தொழிற்சாலை ட்ரான்ஸ் கொழுப்பை உணவிலிருந்து ஒழிக்க அழைப்பு விடுத்தது. இதனால் ஆண்டுக்கு 5 லட்சம் பேர் வரை இதயநோயில் இறப்பதாக அப்போது மதிப்பிட்டது. இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் ட்ரான்ஸ் அளவு 2021-ல் 3 சதவீதத்துக்கும், 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்துக்கும் மேல் போகக்கூடாது என்று ஆனது.

சட்டம் போட்டாச்சு. 2 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று யார் பார்ப்பது? கேஸ் குரோமட்டோகிராஃபில் போட்டால் ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் தனித்தனியாகத் தெரியும். ஆனால் சாம்பிளை முதலில் மீத்தைல் எஸ்டராக மாற்ற வேண்டும், நேரம் பிடிக்கும். ஏ.டி.ஆரில் ஒரு சொட்டு வைத்து 966-ன் உயரத்தைப் பார்த்தால் சில நிமிடத்தில் மொத்த ட்ரான்ஸ் தெரிந்துவிடும்.

சென்ற விடுமுறையில் ஓர் எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே கருவியைப் பார்த்துக்கொள்பவர் நம்மைப் போல டிப்ளமோ முடித்தவர்தான். ஒருநாள் சூரியகாந்தி எண்ணெய் டேங்கர் வந்தது. சாம்பிளை வைத்தால் 966-ல் ஒரு மேடு. கேட்டில் வண்டி நிற்கிறது, ஸ்டோர்ஸிலிருந்து ஆள் வந்து, “ஏத்துக்கலாமா, திருப்பி அனுப்பலாமா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார்” என்று அவசரப்படுத்துகிறார். சார் பதறவே இல்லை. வைரத்தை ஐசோபுரோப்பனால் துடைத்தார். காலியாக வைத்துப் புதிதாக பேக்ரவுண்ட் எடுத்தார். மறுபடி சாம்பிள் வைத்தார். மேடு அடங்கிவிட்டது! அதற்கு முன் பார்த்த வனஸ்பதியின் மிச்சம் கல்லில் ஒட்டியிருந்திருக்கிறது.

வண்டியை உள்ளே விடச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்: “தம்பி, இதுகூடப் பரவாயில்ல. நல்ல எண்ணெய் கெட்டதாத் தெரிஞ்சுது, திரும்பப் பாத்துட்டோம். கல்லுல மிச்சம் இருக்கும்போதே பேக்ரவுண்ட் எடுத்திருந்தா என்ன ஆகும், யோசிச்சுப் பாரு.”

யோசித்துப் பார்த்தேன். பேக்ரவுண்டில் இருப்பதையெல்லாம் கருவி சாம்பிளிலிருந்து கழித்துவிடும். பேக்ரவுண்டிலேயே ட்ரான்ஸ் இருந்தால், சாம்பிளில் உள்ள ட்ரான்ஸும் கழிந்து குறைவாகத் தெரியும். கெட்ட எண்ணெய் நல்ல எண்ணெயாகிவிடும். அதைத் திரும்பப் பார்க்க யாருக்கும் தோன்றாது! சட்டம், ஆணையம், இதய நிபுணர்கள் எல்லாரும் சேர்ந்து போட்ட கோடு, ஒரு துடைக்காத கல்லில் அழிந்துபோகும்.

கருவிக்குத் தெரியாதவை

கருவியைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் கூடாது. 966 மொத்த ட்ரான்ஸைச் சொல்லும். அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. பசுவின் நெய்யில் இயற்கையாகவே கொஞ்சம் ட்ரான்ஸ் உண்டு. அதையும் சேர்த்தே காட்டும். லெசித்தினின் தலையில் உள்ள கோலின் 970 பக்கம் தானும் ஒரு கோடு போடும். அதை ட்ரான்ஸ் என்று நினைத்துவிடக் கூடாது. 2850 காட்டுவது லட்சோப லட்சம் சங்கிலிகளின் சராசரி. எந்தச் சங்கிலி மடங்கியது என்று பெயர் சொல்லாது. காற்றில் உள்ள நீராவியும், நாம் விடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடும்கூட 2350 போன்ற இடங்களில் வந்து நிற்கும்.

ட்ரான்ஸ் இரட்டைப் பிணைப்பு நீண்டு சுருங்கும் அதிர்வு அகச்சிவப்பில் ஏறக்குறையத் தெரியவே தெரியாது. இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் மின் சமநிலை ஆடுவதில்லை. இந்த இடத்தில் கைகொடுப்பது ராமன் ஸ்பெக்ட்ராஸ்கோபி. திருச்சி பக்கம் திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி.ராமன் 1928-ல் கண்டுபிடித்த ஒளிச்சிதறல்தான் அது. அகச்சிவப்புக்குத் தெரியாத இந்த அதிர்வு ராமனுக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் விட்டதைத் தம்பி பிடிப்பான்!

கடைசியாக ஒரு வார்த்தை

‘டிப்ளமோதானே’ என்று யாராவது சொன்னால் நம்மில் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. தியரியைக் கண்டுபிடிப்பவர் ஒருவர், சட்டம் போடுபவர் ஒருவர். ஆனால் கல்லைத் துடைத்து, பேக்ரவுண்ட் எடுத்து, சொட்டு வைத்து, வந்த கோட்டைப் பார்த்து ‘இது உண்மையா?’ என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்கிற ஆள் பெரும்பாலும் நம்மைப் போல் டிப்ளமோ படித்தவர்தான். எந்த பிராஞ்சாக இருந்தாலும் நாளை நம் முன்னால் ஏதோ ஒரு மீட்டர், ஏதோ ஒரு ஸ்கிரீன் இருக்கத்தான் போகிறது. சாம்பிளை வைத்தாலும் காட்டும், நம் விரல் பிசுக்கை வைத்தாலும் அதே 2920, 2850-ஐக் காட்டும். எதைக் காட்டுகிறது என்று தெரிந்து கையெழுத்துப் போடுவதுதான் நம் வேலை.

கெமிக்கல் லேபில் ஐ.ஆர். சார்ட்டை முதலில் பார்க்கும்போது கோணல் மாணல் கோடாகத்தான் தெரியும். பயப்படாதீங்க. 2920-ஐத் தேடுங்க, 1740-ஐத் தேடுங்க, பிறகு 966-ஐப் பாருங்க. மெதுவாக அது பேச ஆரம்பிக்கும்.

– மூன்றாம் ஆண்டு, கெமிக்கல் பிரிவு